எழுந்துபோகாத ஆறு வான்கோழிகள்

நான் வளர்த்த பறவைக்கு எங்கள் பண்ணையில் ஆளுக்கொரு பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் டர்க்கி, அதாவது துருக்கிக்காரன். அரபியில் தீக் ரூமி, ரோம் தேசத்துச் சேவல். தீவனம் கொண்டுவரும் சிரியாக்காரர் ஹபஷ் என்பார். அது அபிசீனியா. மும்பைப் பக்கத்து டிரைவர் பெரு என்பார், அது தென்னமெரிக்க நாடு. பக்கத்துத் தோட்டத்துப் பாகிஸ்தான்காரர் மட்டும் நாட்டை விட்டுவிட்டு ஃபீல் முர்க், யானைக்கோழி என்றார். எந்த மொழிக்காரரும் இதைத் தன் ஊர்ப் பறவை என்று ஒப்புக்கொள்ளவில்லை. நாம்தான் ஒரேயடியாக வானத்தில் ஏற்றி வான்கோழி ஆக்கிவிட்டோம்.

போன மாதம் நண்பர் பாலா எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். சவூதியில் அல் கோபாரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பெரிய வான்கோழிப் பண்ணை ஒன்றில் அவர் ஷெட் சூப்பர்வைசர். குளிரூட்டிய ஷெட், அத்தனையும் வெள்ளைப் பறவை. கறிக்காக நெஞ்சைப் பெருக்க வைத்ததில் அந்த இனத்துச் சேவலால் பெட்டையோடு தானாகச் சேரவே முடியாது. மனிதக் கை வைத்துத்தான் கருவூட்ட வேண்டும். முட்டை விழுந்ததும் பெல்ட்டில் உருண்டு போய்விடும். பாலா கேட்டது இதுதான்: “அண்ணே, வான்கோழி நெசமாவே தானா அடை உக்காருமா? இத்தன வருஷத்துல நான் ஒண்ணுகூடப் பாக்கலண்ணே.”

உட்காரும். எழுப்பினாலும் எழாது. அப்படி எழாமல் இருந்ததால்தான் எங்கள் பண்ணை பிழைத்தது. அதை அவருக்குப் போனில் சொல்ல ஆரம்பித்தேன். நீண்டுகொண்டே போனதால் எழுதிவிடுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஊரில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். செய்தியில் பெயர் வந்தது, சோறு வரவில்லை. சவூதியில் ஒரு கோழிப் பண்ணையில் சில வருடம் முட்டை பொறுக்கினேன், ஊசி போடக் கற்றுக்கொண்டேன், இரண்டு முறை விசா மாற்றினேன். பிறகு அமீரகத்தில் அல் ஐனுக்கு வெளியே ஒரு மஸ்ராவில், அதாவது தோட்டப் பண்ணையில், வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன்.

அங்கே வான்கோழிகள் வெண்கல நிறம். வெயில் பட்டால் முதுகில் செம்பும் பச்சையும் ஓடும். நூறு வருடத்துக்கு முன் பண்ணைகளில் இருந்த பழைய இனம் அது. தானாகச் சேரும், தானாக அடை காக்கும், குஞ்சைத் தானே கூட்டிக்கொண்டு மேயும். பண்ணை உரிமையாளரை நாங்கள் அர்பாப் என்று அழைப்போம். எழுபதைத் தொட்ட மனிதர். ஒட்டகமும் ஈச்சமரமும் எல்லோரிடமும் இருக்கிறது, இந்த இனம் தன்னிடம் மட்டும் இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு மிடுக்கு. நண்பர்களுக்குக் கல்யாணப் பரிசாக ஒரு ஜோடி அனுப்புவார். “கலப்பில்லாதது” என்று ஒரு வார்த்தை மட்டும் சொல்லி அனுப்புவார். அந்த வார்த்தைக்கு உள்ளே இருந்து வேலை செய்தவர்கள் நாங்கள் மூன்று பேர்.

முதலாமவர் டாக்டர் உஸ்மான், சூடான்காரர். கால்நடை மருத்துவர், எங்கள் மேலாளர். உயரமான ஆள், குரல் தாழ்ந்தது. பட்டிக்குள் நுழையும் முன் வேலிக்கு வெளியே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். டீ ஆறிப்போகிற நேரம் நிற்பார். எந்தப் பறவை இறக்கையைத் தொங்கவிடுகிறது, எது தண்ணீர்ப் பக்கமே போகவில்லை என்பதையெல்லாம் அங்கிருந்தே பார்த்துவிடுவார். “நான் உள்ளே போனதும் எல்லாம் ஆரோக்கியமாக நடிக்க ஆரம்பித்துவிடும்” என்பார். வாசலில் மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டு ஒன்று உண்டு. அதில் செருப்பை நனைக்காமல் யாரும் உள்ளே வர முடியாது. ஒருமுறை அர்பாபே பேசிக்கொண்டு அதைத் தாண்டிவிட்டார். டாக்டர் குனிந்தார். தட்டைத் தூக்கிக்கொண்டுபோய் அவர் காலடியில் வைத்துவிட்டு நின்றார். அர்பாப் சிரித்துக்கொண்டே காலை வைத்தார்.

யார் என்ன சொன்னாலும் டாக்டரிடமிருந்து ஒரே கேள்வி வரும்: “ஷுஃப்த்தா? சிமித்தா?” கண்ணால் பார்த்தாயா, காதால் கேட்டாயா? எனக்கு இது புதிதில்லை. ஊரில் என் செய்தி ஆசிரியரும் இதையேதான் கெட்ட வார்த்தையோடு கேட்பார்.

இரண்டாவது நான். மூன்றாவது ஆள் முருகேசன். அறந்தாங்கிப் பக்கம். என்னைவிடச் சில வயது இளையவர். துபாயில் கட்டட வேலையில் இருந்து முதுகு பிடித்துக்கொண்டதால் இங்கே வந்தவர். வேலையில் சுத்தம், வாயில் ஓயாத பேச்சு. முட்டையிலிருந்து பொரிந்த குஞ்சுக்கு நாங்கள் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுப்பதை முதல் தடவை பார்த்தபோது தலையில் அடித்துக்கொண்டார். வான்கோழிக் குஞ்சுக்குத் தண்ணீர் என்றால் என்னவென்று தெரியாது. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து அலகைத் தண்ணீரில் தொட்டுக் காட்ட வேண்டும். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டு போட்டு வைப்போம். மினுக்குவதைக் கொத்தப் போய்த் தண்ணீரைக் கண்டுபிடிக்கும். முருகேசன் கேட்டார், “ஏண்ணே, இது பொழைக்கறதுக்குப் பொறந்துச்சா, சாகறதுக்கே பொறந்துச்சா? எங்க வீட்டுக் கோழிக்குஞ்சு ஓட்ட ஒடச்சிக்கிட்டு வந்ததும் தானா மேயப் போகும்.”

“கோழி உன்ன மாதிரி. இது எங்கள மாதிரி. சொல்லிக்கொடுத்தாத்தான் வரும்” என்றேன்.

“அப்ப பெரிய எடத்துப் புள்ள.”

இன்னொரு வேலை சேணம் கட்டுவது. சேவல் கனமானது. பெட்டையின் முதுகில் ஏறும்போது நகம் கிழித்துவிடும். அதற்காகப் பழைய கூடாரத் துணியை வெட்டி, இறக்கைக்கு அடியில் வார் வரும்படி தைத்து, பெட்டைகளின் முதுகில் மாட்டுவோம். வார் இறுக்கினால் இறக்கையடி புண்ணாகும். தளர்த்தினால் கால் சிக்கும். இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது டாக்டர் வைத்த அளவு. ஒவ்வொரு பறவைக்கும் அவரே விரல் விட்டுப் பார்ப்பார். முருகேசன் இதற்கு ஸ்கூல் பை என்று பெயர் வைத்தார். காலையில் பட்டியைத் திறக்கும்போது “எல்லாரும் பையை மாட்டியாச்சா? பெல் அடிச்சிருச்சு!” என்று கத்துவார்.

இனி, வெளியே இருந்து வந்தவர்களைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு பெரிய எஸ்டேட் இருந்தது. அங்கிருந்த செல்வந்தர் மான், தீக்கோழி என்று பலவற்றை வளர்த்தார். அமெரிக்காவிலிருந்து காட்டு வான்கோழியும் கொண்டுவந்திருந்தார். எஸ்டேட் கைமாறியபோது மற்றதையெல்லாம் லாரியில் ஏற்றிவிட்டார்கள். இவை மட்டும் மரத்தில் ஏறிக்கொண்டன, இறங்கவில்லை. எஸ்டேட்டுக்கும் எங்களுக்கும் நடுவே சொட்டுநீர் போட்டு வளர்த்த காஃப் மரத் தோப்பு ஒன்று உண்டு. காஃப் என்பது நம்மூர் வன்னி மரமேதான். அதன் கிளைகளில் அவை தங்கின, பெருகின. பாலைவனத்தில் காட்டு வான்கோழியா என்று கேட்டால், தண்ணீர்க் குழாய் இருக்கும் இடத்தில் எல்லாம் யாராவது குடியிருப்பார்கள் என்பதுதான் அந்த நாடு.

விடிந்ததும் அவை வேலியோரம் வரும். எங்கள் பறவைகள் சிந்திய மக்காச்சோளத்தைப் பொறுக்கும். பார்ப்பதற்கு அதே சாயல்தான். ஆனால் மெலிந்த கால், சிறிய தலை, நிற்கும்போதே ஓடப்போகிற நிற்பு. எங்கள் சேவல் வாலை விரித்துக் களகளவென்று கூப்பிட்டால், தோப்பில் இருந்து பதில் வரும். வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் பெட்டைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டும். “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டாங்க” என்பார் முருகேசன்.

டாக்டருக்கு அது வேடிக்கையில்லை. காட்டுச் சேவல் ஒன்று உள்ளே வந்து ஒரு பெட்டையோடு ஒரு தடவை சேர்ந்தால் போதும். வான்கோழிப் பெட்டை அந்த விந்தைப் பல வாரம் உடம்புக்குள் வைத்திருக்கும். அத்தனை வாரமும் அது இடும் முட்டை யாருடையது என்று சொல்ல முடியாது. அங்கே முட்டைக் காலம் குளிரில் தொடங்கி வெயில் ஏறும்போது முடிந்துவிடும். சந்தேகம் தீரக் காத்திருந்தால் முட்டையே இருக்காது.

நான் சொல்லப்போகும் வருடத்தில் இன்னொரு சங்கடமும் சேர்ந்திருந்தது. அதற்கு முந்தைய பருவத்தில் குஞ்சு பொரிக்கும் மெஷின் பழுதாகி மிகக் குறைவாகத்தான் குஞ்சு எடுத்தோம். பெட்டைகளில் பாதிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. தோட்டத்தின் நிர்வாகத்தை அர்பாபின் மூத்த மகன் கையில் எடுத்திருந்தார். படித்தவர், மரியாதையானவர். ஆனால் பட்டி இருந்த இடத்தில் பந்தய ஒட்டகங்களுக்குக் கொட்டில் கட்ட நினைத்தார். அப்பாவும் மகனும் எங்கள் எதிரிலேயே ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இந்தப் பருவம் நல்ல குஞ்சு வந்தால் வான்கோழி இருக்கும். வராவிட்டால் இருப்பதை விற்றுவிட்டுப் பட்டியைப் பிரிப்பது.

பருவத்தின் முதல் முட்டைகளை நாங்கள் மெஷினில் வைப்பதில்லை. சிறியதாக இருக்கும், பாதி கூமுட்டையாகப் போகும். ஆனால் முந்திக்கொண்டு இட்ட சில மூத்த பெட்டைகளை மட்டும் டாக்டர் அடை உட்கார விடுவார். தாய் வளர்த்த குஞ்சு சீக்கிரம் கொத்தக் கற்கும், மெஷின் குஞ்சுகளோடு விட்டால் அவற்றுக்கும் சொல்லிக்கொடுக்கும் என்பது அவர் கணக்கு. பட்டியின் வடக்கு மூலையில், ஈச்ச ஓலைத் தடுப்புக்கு அடியில், பெட்டிகளில் அவை உட்கார்ந்திருந்தன. மற்றவை இட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சிறு முட்டைகளைச் சமையலுக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து மெஷினுக்குச் சேர்ப்பதாக இருந்தோம்.

அதற்குள் பட்டிக்கு மருந்தடிக்க ஆள் வருவதாகவும் ஏற்பாடு. என்று வருவார்கள் என்பது உறுதியாகவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை டாக்டர் அபுதாபியில் ஒரு கூட்டத்தில் இருந்தார். நான் தடுப்பு மருந்து வாங்க அல் ஐனுக்குப் போயிருந்தேன். பண்ணையில் முருகேசன் தனியாக இருந்தார். தோப்பில் இருந்து காட்டுச் சேவல் ஒன்று பறந்து வேலியைத் தாண்டிப் பட்டிக்குள் இறங்கியது. முருகேசன் செய்ய வேண்டியதைச் செய்தார். டாக்டருக்குப் போன் போட்டார். “டாக்டர், ரூமி பர்ரி தாகில்” என்றார். காட்டு வான்கோழி உள்ளே. இதுவரைக்கும் சரி.

டாக்டர் கூட்டத்தின் நடுவே வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார்: “பர்ரி, குல்லு பர்ரா! யல்லா!”

அரபியில் பர்ரி என்றால் காட்டில் வாழ்வது. பர்ரா என்றால் வெளியே. குல்லு, எல்லாம். காட்டுப் பறவை எதுவானாலும் முழுக்க வெளியே விரட்டு என்பது டாக்டர் சொன்னது. முருகேசன் காதில் பர்ரி விழவில்லை. பர்ராதான் இரண்டு தரம் விழுந்தது. கல்ஃபில் பத்து வருடம் இருந்த எந்த ஆளுக்கும் பர்ரா என்ற சொல் ரத்தத்தில் ஊறியது. சைட்டில், கேம்பில், கடையில், எங்கும் அதைச் சொல்லித்தான் நம்மை நகர்த்துவார்கள். வெளியே, எல்லாம் வெளியே, சீக்கிரம். மருந்தடிக்கிற வண்டி வருகிறது போல என்று அவர் நினைத்தார். இரண்டு கதவையும் விரியத் திறந்தார். கம்பை எடுத்துக்கொண்டு எங்கள் பெட்டைகள் அத்தனையையும் காஃப் தோப்பை நோக்கி ஓட்டினார்.

நான் திரும்பி வந்தபோது பட்டி காலி. தோப்பின் நிழலில் எங்கள் வெண்கலப் பெட்டைகள் முதுகில் ஸ்கூல் பையோடு நின்றிருந்தன. நடுவே காட்டுச் சேவல்கள் வாலை விரித்துச் சுற்றி வந்துகொண்டிருந்தன. நான் பார்க்கப் பார்க்கவே ஒரு பெட்டை தரையில் படுத்தது. பக்கத்தில் இன்னொன்று. காதால் கேட்டதல்ல, கண்ணால் பார்த்தது.

வாளியைத் தட்டினோம். தீவனச் சத்தத்துக்கு அவை வரும். எல்லாம் வந்தன. கூடவே காட்டுச் சேவல் ஒன்றும் கதவுவரை வழியனுப்ப வந்தது. கதவைச் சாத்திவிட்டு முருகேசனிடம் கேட்டேன். அவர் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

“அண்ணே, நான் என்னண்ணே பண்ணுவேன்? பர்ராங்கிறாரு, குல்லுங்கிறாரு, யல்லாங்கிறாரு. மூணு வார்த்த. மூணுமே எனக்கு நல்லாத் தெரிஞ்ச வார்த்த!”

அர்பாபின் மகன் முதலில் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு யோசித்தார். பிறகு கோபமே இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னார்: அதுவும் வான்கோழி, இதுவும் வான்கோழி, முட்டைகளை மெஷினில் வையுங்கள், பட்டி நிறையக் குஞ்சு வந்தால் அப்பாவுக்கு சந்தோஷம், எனக்கும் பிரச்சினையில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களுக்கு ஒரு கதவைத் திறந்து காட்டினார். அதன் வழியே போயிருந்தால் எங்கள் மூவர் வேலையும் பத்திரம். கலப்புக் குஞ்சை முதல் சில மாதம் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

டாக்டர் மத்தியானம் வந்து சேர்ந்தார். தட்டில் செருப்பை நனைத்தார். வேலிக்கு வெளியே வழக்கம்போல நின்றார். முருகேசன் அவர் எதிரில் கம்போடு நிற்க, நான் நடந்ததைச் சொன்னேன். அவர் முருகேசனைத் திட்டவில்லை. “வாய் என்னுடையது, காது அவருடையது. பாதிப் பாதி” என்றார். அதன்பிறகு மூலையைப் பார்த்தார். ஓலைத் தடுப்புக்கு அடியில் அடைக்கோழிகள் உட்கார்ந்திருந்தன.

“இவையும் போய்விட்டனவா?”

இங்கேதான் அந்த வருடத்தின் முடிவு எங்கள் மூவர் கையில் வந்து நின்றது. மற்றவை இனி இடும் முட்டை எல்லாம் சந்தேகம். ஆனால் அடையிலிருந்த பெட்டைகள் வெளியே போகாமல் இருந்திருந்தால், அவற்றின் அடியில் இருப்பது முன்பே இட்டது, எங்கள் சேவலுடையது. சந்தேகமில்லாதது அது ஒன்றுதான். எழுந்து போனதன் பெட்டியில் முட்டை குளிர்ந்திருக்கும், திரும்பி வந்தது எதுவோ அதில் புதிதாகவும் இட்டிருக்கும்; அதை நம்ப முடியாது. நாங்கள் வந்து பார்த்தபோது பெட்டிகளில் பெட்டைகள் இருந்தன. ஆனால் வாளிச் சத்தத்துக்குத் திரும்பி வந்தவற்றில் சில பெட்டிக்குள் போய் உட்கார்ந்துவிட்டிருக்கலாம். எது எழாதது, எது போய்த் திரும்பியது என்பது ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்.

டாக்டர் முருகேசனிடம் கேட்டார், “ஷுஃப்த்தா?”

முருகேசன் என்னைப் பார்த்தார். தமிழில் சொன்னார்: “பத்துப் பதினஞ்சு எந்திரிக்கலண்ணே. அப்படியே சொல்லிருங்க.”

பெட்டியில் இருந்தவை பதினொன்று. அவர் எங்களைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் அவரை ஓரமாகக் கூட்டிப் போனேன். நிருபர் வேலையில் சாட்சியிடம் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். எண்ணிக்கையைக் கேட்கக் கூடாது. நடந்ததை முதலிலிருந்து கேட்க வேண்டும்.

“முருகேசா, எண்ண வேணாம். உள்ள போன. மொதல்ல என்ன செஞ்ச?”

“நின்னதுங்கள ஓட்டுனேன். போயிருச்சுங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் இந்த அடக்காரங்கள எழுப்பப் போனேன். குல்லுன்னுட்டாரே. சிலது கம்பப் பாத்ததும் எந்திரிச்சு ஓடிருச்சு. மத்த எழவுங்க நகரல. கைய விட்டுத் தூக்கப் போனேன். இங்க பாருங்க.”

கைகளை நீட்டினார். இரண்டு புறங்கையிலும் மணிக்கட்டிலும் கொத்திய இடங்கள் சிவந்து தடித்திருந்தன. ஒன்றிரண்டு இடத்தில் தோல் கிழிந்திருந்தது.

“எது கொத்துச்சு?”

“எதுன்னா? ஒவ்வொண்ணும் கொத்துச்சு. எழுப்புனா பாம்பு மாதிரி சீறுது. சரி, அடக்கோழிக்கு அரபியும் தெரியாது, தமிழும் தெரியாதுன்னு விட்டுட்டேன்.”

“எந்தப் பெட்டில? நடந்து காட்டு.”

நடந்தார். டாக்டரும் பின்னால் வந்தார். முதல் பெட்டி முன் நின்றார். “இது கொத்துச்சு. கட்ட விரல்ல.” அடுத்தது. “இது ஓடிருச்சு. இப்ப வந்து நல்ல புள்ள மாதிரி உக்காந்திருக்கு.” அடுத்தது, அதற்கடுத்தது. கொத்தியதைச் சொல்லும்போதெல்லாம் கையில் அந்த இடத்தைத் தொட்டார். கடைசிப் பெட்டிக்கு முன் தயங்கினார். “இது... கொத்துச்சுன்னு சொல்லிரலாம்ணே.”

“கொத்துச்சா?”

அவர் கைகளைப் புரட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். “இல்லண்ணே. இது ஓடிருச்சு.”

ஆறு.

டாக்டர் பெட்டைகளின் காலில் இருந்த வளைய எண்களைப் பார்த்து, அந்த ஆறு பெட்டிகளிலும் சுண்ணாம்பால் கோடு போட்டார்.  பிறகு முருகேசனின் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போய், சோப்புப் போட்டு அவரே கழுவி, பறவைகளுக்கு வைத்திருந்த மருந்தைத் தடவினார்.

பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு அர்பாப் வந்தார். எங்களிடம் அவர் உருது கலந்து பேசுவார். டாக்டர் தான் போனில் சொன்ன சொல்லில் தொடங்கி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. மகன் தன் யோசனையையும் சொன்னார். அதையும் டாக்டர் தடுக்கவில்லை.

அர்பாப் கேட்டார், “குல்லு பர்ரா என்றதும் எல்லாம் போய்விட்டதா?”

“ஆறு போகவில்லை” என்றார் டாக்டர்.

“யார் எண்ணியது?”

டாக்டர் முருகேசனைப் பார்த்தார். முருகேசன் வாய் திறக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக இருக்கும். கைகளை மட்டும் நீட்டினார். அர்பாப் அந்தக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரித்தாரா என்று எனக்குத் தெரியாது. மீசை அசைந்தது.

“ஆறு என்றால் ஆறு. மற்ற முட்டைகளைச் சாப்பிடுங்கள்” என்றார். எழுந்து நின்ற பிறகு மகனைப் பார்த்துச் சேர்த்தார்: “குளிர் தொடங்கும்போது நான் ஒவ்வொரு பறவையாகப் பார்ப்பேன். ஒன்றில் காட்டு ரத்தம் தெரிந்தாலும் பட்டியைப் பிரித்துக்கொள்.”

சாப்பிட்டோம். அந்தப் பருவம் முழுக்க வான்கோழி முட்டை ஆம்லெட், முட்டைக் குழம்பு, முட்டைப் பொரியல். வெள்ளிக்கிழமைகளில் முருகேசன் துபாய் கராமாவில் தன் மச்சான் ரூமுக்கு அட்டை அட்டையாகக் கொண்டுபோனார். அங்கே ஒரு பெரியவர் “அடுத்த வாரமாச்சும் கோழியையே கொண்டாங்கப்பா” என்றாராம். அவ்வளவு நல்ல முட்டைகளைத் தின்று தீர்ப்பது எங்களுக்கு எப்படி இருந்தது என்பதை, மெஷினில் முட்டை அடுக்கிப் பழகியவர்களுக்குச் சொல்ல வேண்டாம்.

ஆறு பெட்டைகளும் பொரித்தன. கூமுட்டை போக நாற்பதுக்கு மேல் தேறியது. ஒவ்வொரு குஞ்சின் அலகையும் தண்ணீரில் தொட்டுக் காட்டினோம். தாய் பக்கத்திலேயே இருந்தும் தொட்டுக் காட்டினோம். அந்த வருடம் எதையும் விதியிடம் விடுவதாக இல்லை. கோடை வந்தது. வெளிக்காற்று அடுப்பைத் திறந்ததுபோல அடித்தது. தண்ணீர்த் தொட்டி மதியத்தில் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். முருகேசன் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிக் குழாய்மேல் கட்டுவார். புழுதிக்காற்று அடித்த ஒரு வாரத்தில் சிலவற்றை இழந்தோம். டாக்டர் செத்த ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்த்து, நோயில்லை, புழுதிதான் என்று சொன்ன பிறகே கையைக் கழுவினார். மீதி நின்றது. வளர்ந்தது.

எங்கள் இனத்துக்கு வால் விளிம்பு வெள்ளை. காட்டு வகைக்கு விளிம்பு செம்பழுப்பு. கலந்தால் வெள்ளை மங்கிப் பழுப்பேறும். ஆனால் குஞ்சு இறகு உதிர்ந்து பெரிய இறகு முழுசாக வரும்வரை எதுவும் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் நாங்கள் மூவரும் பறவைகளின் முன்பக்கத்தையே பார்க்கவில்லை என்று சொல்லலாம். “கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்பகூட நான் இவ்வளவு உத்துப் பாக்கலண்ணே” என்றார் முருகேசன்.

காற்றில் முதல் குளிர் வந்த ஒரு வாரத்தில் அர்பாப் சொன்னபடி வந்தார். மகனும் வந்தார். நாற்காலி போட்டோம், அவர் உட்காரவில்லை. நான் ஒவ்வொரு பறவையாகப் பிடித்து, இறக்கையை அணைத்து, நெஞ்சோடு சேர்த்துத் திருப்பிப் பிடித்தேன். டாக்டர் வாலை விரலால் மெல்ல விரித்தார், சீட்டுக்கட்டை விரிப்பதுபோல, ஒவ்வொரு இறகாக. அர்பாப் குனிந்து பார்த்தார். வெள்ளை. பார்த்ததை முருகேசன் மறுபக்கப் பட்டியில் விட்டார். அடுத்தது. வெள்ளை.  பாதியில் ஒரு சேவலின் வாலில் பழுப்பாக ஒன்று தெரிந்தது. மகன் ஒரு அடி முன்னால் வந்தார். நான் பறவையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். டாக்டர் அவசரப்படவில்லை. தண்ணீர் கேட்டார், பஞ்சை நனைத்தார், விளிம்பைத் துடைத்தார். எங்கள் தோட்டத்துச் செம்மண். அதன் அடியில் வெள்ளை.

கடைசிப் பறவை போனபோது வெயில் ஏறியிருந்தது. மகன் அப்பாவிடம் மெல்ல ஏதோ சொல்லிவிட்டு டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தோற்றவர் போல இல்லை, நல்ல ஆட்டம் பார்த்தவர் போல இருந்தார். அர்பாப் பட்டியின் நடுவில் நின்று தலையைத் தூக்கி மேலே பார்த்தார். வானம் திறந்து கிடந்தது. அரபியில் டாக்டரிடம் நாலு வார்த்தை சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார்.

முருகேசன் என் அருகில் வந்தார். போன் சம்பவத்துக்குப் பிறகு அவர் அரபியில் யார் என்ன சொன்னாலும் என்னிடம் ஒரு தரம் கேட்டு உறுதி செய்துகொள்வார்.

“அண்ணே, என்ன சொன்னாரு?”

“மேல பூரா வலை போடச் சொன்னாரு.”

“வலையா? எதுக்கு?”

“எதுக்கா? கோழி இருக்கப் போகுதுன்னு அர்த்தம்.”

அவர் பட்டியைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். புறங்கையில் காய்ந்து வெளுத்த தழும்புகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

“நல்லாக் கேட்டீங்களா?”

“கேட்டேன். கண்ணாலயும் பாத்தேன், கைய மேல காட்டுனாரு.”

“அப்ப ஏணிய எடுத்துட்டு வர்றேன்” என்று நடந்தார்.